மழைக்குட்டைத் தலைப்பிரட்டைகளைக் கூர்க்கில் கொண்டுபோய் விடலாமா?

சர்ஜாபுராவாசி:

எங்கள் அபார்ட்மென்ட் பின்மதிலை ஒட்டி இரண்டு சைட் (வீட்டுமனை) காலியாகக் கிடக்கிறது. கோடைமழை பிடித்தால் தண்ணீர் நின்று 25 அடிக்கு 15 அடி குட்டை ஆகிவிடும். நடுவில் முழங்கால் ஆழம். மே 22 ராத்திரி கொட்டிய மழைக்குப் பிறகு மூன்று நாள் விடியவிடியத் தவளைச் சத்தம். இன்று ஜூன் 14. குட்டை முழுக்கத் தலைப்பிரட்டை. ஓரத்தில் கன்னங்கரேல் என்று கூட்டமாக ஒரு வகை, நடுத்தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஒரு வகை, தனியாகத் திரியும் பெரிய பழுப்பு வகை ஒன்று. குட்டைமேல் சாய்ந்த புங்கமரக் கிளையில் மே கடைசியில் வெள்ளை நுரைக்கட்டி இரண்டு தொங்கின.

சைட் உரிமையாளர் ஜூலை 5 அன்று மண் கொட்டத் தொடங்குகிறார். அசோசியேஷனில் மூன்று யோசனை ஓடுகிறது. டிரம்மில் அள்ளி, வாரக்கடைசியில் கூர்க் போகிற காரில் ஏற்றி, அங்கே ஓடையில் விடலாம் என்கிறார்கள் சிலர். மீன்தொட்டியில் வளர்த்துப் பெரிதாக்கலாம் என்கிறார்கள் சிலர். கொசு வரும், கம்பூசியா மீனைப் போட்டுவிடலாம் என்கிறார்கள் மற்றவர்கள். மூன்றுமே எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் கூட்டத்தில் சொல்லக் காரணம் வேண்டும். எங்கள் வளாகத்து மூலையில் 30-க்கு 40 அடி மண்தரை இருக்கிறது. அங்கே குட்டை வெட்டினால் பிழைக்குமா? பெங்களூர் பேரிலேயே ஒரு தவளை இருக்கிறதாமே, அது இதுதானா?

ஈரமண்:

கூர்க் யோசனையை இன்றைக்கே நிறுத்துங்கள். நல்ல மனதோடு செய்து பெரிய கேட்டில் முடியக்கூடியது அதுதான்.

உலகம் முழுக்கத் தவளைகளை அழித்த கைட்ரிட் பூஞ்சை பரவியது தண்ணீரும் தவளையும் ஊர்விட்டு ஊர் போனதால்தான். அந்தப் பூஞ்சைக்கு 1999-இல்தான் பெயர் வைத்தார்கள். அதற்குள் கோஸ்டா ரிக்காவின் மோன்டெவெர்டே மலையில் பொன்னிறத் தேரை காணாமல் போயிருந்தது. கடைசியாகக் கண்ணில் பட்டது 1989. 2019-இல் வந்த கணக்கு, இந்தப் பூஞ்சையால் 501 இனங்கள் குறைந்துபோயின, அவற்றில் 90 இனங்கள் அடியோடு போய்விட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது.

வேலை செய்யும் விதம் இது. பூஞ்சையின் வித்து வாலோடு தண்ணீரில் நீந்தும். தோலில் கெரட்டின் (நகத்தில் இருப்பது போன்ற கடினப் புரதம்) உள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். தவளை நீரையும் உப்பையும் தோல் வழியாகவே வாங்குகிற உயிர். தோல் கெட்டால் ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுவிடும். தலைப்பிரட்டைக்கு வாயில் மட்டும்தான் கெரட்டின் உண்டு. அதனால் நோய் இருந்தாலும் சாகாமல் சுமந்துகொண்டே திரியும். வால் சுருங்கித் தவளையாகும் வாரத்தில்தான் விழும். ஆகவே ‘எல்லாம் நன்றாக நீந்துகிறதே’ என்று பார்த்து நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

இந்தப் பூஞ்சைக்கு 17 முதல் 25 டிகிரி மிகவும் பிடிக்கும். 28-க்கு மேல் வளர்ச்சி நின்றுபோகும். வெயிலில் சூடாகும் நம் சைட் குட்டையைவிடக் கூர்க்கின், அதாவது குடகின், நிழலோடை அதற்கு எவ்வளவு வசதி என்று இதிலிருந்தே தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் இந்தப் பூஞ்சை ஏற்கெனவே கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் மத்திய அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்தது போன்ற கூட்டச் சாவு இங்கே பதிவாகவில்லை. பூஞ்சையின் பூர்வீகமே ஆசியாதான் என்று 2018-இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. நம் தவளைகள் அதோடு பழகியவை என்பது ஒரு விளக்கம். அந்தச் சமநிலை நமக்குக் கிடைத்த வரம். வேறு இடத்து வகையை வாளியில் கொண்டுபோய்க் கலக்கி அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

பூஞ்சையை விட்டாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு டிரம் குட்டைத் தண்ணீரில் தவளைகளைத் தாக்கும் ரனாவைரஸ், நத்தை, மீன்குஞ்சு, ஒட்டுண்ணி எதுவும் இருக்கலாம். குடகு ஓடையில் ஏற்கெனவே வேறு தவளைகள் இருக்கின்றன. பல இனங்கள் ஒரே மலைத்தொடருக்கு, சில ஒரே பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியவை. உங்கள் குட்டையில் இருப்பதோ வெட்டவெளியில், தேங்கிய நீரில் வளர்பவை. ஓடும் குளிர்நீரில் அவற்றில் பெரும்பாலானவை பிழைக்காது. இரண்டு பக்கமும் நட்டம்.

அசோசியேஷனில் மழைக்கால டிரெக்கிங் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பூட்சில் ஒட்டிய சேறு ஈரமாகவே அடுத்த ஓடைக்குப் போனால் அதுவும் டிரம் மாதிரிதான். முதலில் பிரஷ் போட்டுச் சேற்றை முழுக்க எடுங்கள். சேறு இருந்தால் பிளீச் அதிலேயே செலவாகிவிடும், பூஞ்சையைத் தொடாது. பிறகு 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்குங்கள். கடையில் 4 சதவீதக் கரைசல் கிடைத்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் மொறமொறவென்று காயவிடுங்கள். பூஞ்சை உலர்ந்துபோவதைத் தாங்காது. ஆனால் பூட்சின் உள்துணி ஒரு நாளில் காயாது, அங்கேதான் தவறு நடக்கிறது. பிளீச் பட்டால் கெடும் பொருளை 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தாலும் போதும். கொதிநீர் பாதி, குழாய்நீர் பாதி கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும்.

நுணல்_ஒலி:

எந்தெந்தத் தவளை என்று தெரிந்தால் எத்தனை நாள் வேண்டும் என்பது தெரியும். அதை வைத்துத்தான் சைட்காரரிடம் தேதி பேச முடியும்.

ஓரத்தில் கூட்டமாக இருக்கும் கறுப்புக் குஞ்சுகள் சாதாரணத் தேரையுடையவை. முட்டை, நீர்ச்செடியில் சுற்றிய மணிமாலை போல் இரட்டைச் சரமாக இருந்திருக்கும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கரையேறும். நடுத்தண்ணீரில் கண்ணாடிபோல் தொங்குபவை குறுவாய்த் தவளை, அதாவது மைக்ரோஹைலா. இவற்றுக்கும் ஐந்து வாரம் போல். நுரைக்கூடு கட்டியது மரத்தவளை. அதன் தலைப்பிரட்டை கூட்டிலிருந்து மூன்று நான்கு நாளில் தண்ணீரில் விழுந்துவிடும், மூக்கு நுனியில் வெள்ளைப் புள்ளி தெரியும். இதுதான் தாமதமானது, ஆறிலிருந்து எட்டு வாரம் எடுக்கும்.

பழுப்பு வகைதான் கவனிக்க வேண்டியது. இரண்டு வாய்ப்பு இருக்கிறது. மற்ற தலைப்பிரட்டைகளைத் துரத்திக் கடித்துத் தின்றால் இந்தியக் காளைத்தவளை. மே மழையில் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இருபுறமும் நீலப்பை ஊதிக் கத்திய பெரிய ஆண்களை யாராவது படம் எடுத்திருந்தால் சந்தேகமே இல்லை. தடித்துக் குட்டையாக, அடிச்சேற்றை மேய்ந்துகொண்டு இருந்தால் மண்ணுக்குள் புதையும் தவளையாக இருக்கலாம். பழமொழியில் வரும் நுணல் இதுதான். பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு முண்டு இருக்கும், அதை வைத்துப் பின்பக்கமாகவே மண்ணில் இறங்கிவிடும்.

பெங்களூர் பெயர் கொண்ட ஸ்ஃபேரோதீகா பெங்களூரு இந்த வகைதான். நகரின் ஓரத்துத் தரிசு நிலத்தில் கண்டு 2020-இல் விவரித்தார்கள். ஆனால் அதன் உறவினங்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை. தலைப்பிரட்டையின் படத்தைப் பார்த்து அதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது, மரபணுச் சோதனை வேண்டும். கூட்டத்தில் ‘எங்கள் சைட்டில் அரிய இனம்’ என்று அடித்துச் சொல்லாதீர்கள். தவறென்று ஆனால் மற்றதெல்லாம் எடுபடாது. ‘நகர எல்லைத் தரிசில் சில வருடம் முன்புவரை பெயரே இல்லாத இனம் வாழ்ந்திருக்கிறது, தரிசு வீண்நிலம் அல்ல’ என்று சொல்லுங்கள், அது முழு உண்மை.

சத்தம் பதிவு செய்வது எளிது. மழை விட்ட இரவு ஏழிலிருந்து பத்து மணிக்குள், குட்டையின் ஒரே மூலையில் நின்று, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு மூன்று நிமிடம் பதிவு. தொடக்கத்தில் தேதி, நேரம், கடைசி மழை எப்போது, தண்ணீர்ச் சூடு எத்தனை டிகிரி என்று வாயால் சொல்லிவிடுங்கள். சூடு மாறினால் கத்தும் வேகமும் மாறும், எண் இல்லாத பதிவை ஒப்பிட முடியாது. மரத்தவளை கதவைத் தட்டுவது போல் டக் டக் என்கும். தேரை நீளமாக உருட்டும். குறுவாய்த் தவளை அளவுக்குப் பொருந்தாத உரத்த குரலில், சீப்புப் பல்லை நகத்தால் இழுத்தாற்போல் கிரீச்சிடும். ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றுங்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இங்கே அந்த வாய்தான் அதற்குச் சாட்சி.

இப்போது தேதி. மே 22 முட்டை என்றால் இன்று 23-ஆம் நாள். ஜூலை 5 என்பது 44-ஆம் நாள். தேரையும் குறுவாய்த் தவளையும் அநேகமாகத் தப்பிவிடும். மரத்தவளைக்குப் போதாது. எட்டு வாரம் கணக்கிட்டால் ஜூலை 17, எட்டு நாள் கூட்டி ஜூலை 25 என்று கேளுங்கள். இருபது நாள்தான். அடித்தளம் தோண்டும் ஆட்கள் மழையில் எப்படியும் தள்ளிப்போடுவார்கள்.

ஊகத்தில் பேச வேண்டாம், எண்ணிக் காட்டுங்கள். ஐந்து நாளுக்கு ஒருமுறை, குட்டையின் நான்கு பக்கத்திலும் சிறு வலையால் ஒருமுறை வீசி, தண்ணீரோடு வெள்ளைத் தட்டில் போட்டுப் பாருங்கள். கால் இல்லாதவை, பின்கால் வந்தவை, முன்கால் வந்தவை என்று பிரித்து எண்ணி அங்கேயே விட்டுவிடுங்கள். முன்கால் வந்துவிட்டால் இன்னும் நான்கைந்து நாளில் கரையேறும். பத்தில் எட்டு அந்த நிலைக்கு வந்தபின் ஒரு வாரம் விட்டு மண் கொட்டினால் பெரும்பகுதி தப்பிவிடும்.

கோரைப்புல்:

வளாகத்து மூலையில் குட்டை வெட்டுவதுதான் இந்த இழையிலேயே நிலைத்து நிற்கும் வேலை. இந்த வருடத்துக் குஞ்சுகளைவிட அடுத்த மே மழைக்குத் திரும்பி வரும் பெரிய தவளைகளுக்கு அது தேவை. அளவோடு சொல்கிறேன்.

நீள்வட்டமாக 5 மீட்டருக்கு 4 மீட்டர். நடுவில் தண்ணீர் ஆழம் 45 சென்டிமீட்டர், அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். கரையிலிருந்து நடுவுக்கு இரண்டு மீட்டர் தூரத்தில் 45 சென்டிமீட்டர் இறங்குவதால் சரிவு நாலுக்கு ஒன்று போல் படுத்திருக்கும். இந்தச் சரிவில்தான் எல்லாமே இருக்கிறது. வால் சுருங்கும் நேரத்தில் செவுள் போய் நுரையீரல் வந்திருக்கும், நீந்தவும் முடியாது, குதிக்கவும் முடியாது. செங்குத்துக் கரையுள்ள சிமெண்ட் தொட்டியில் அந்த இரண்டு மூன்று நாளில் மூழ்கியே சாகும். ‘எல்லாம் பெரிதாகி ஒரே நாளில் செத்து மிதந்தது’ என்று தொட்டியில் வளர்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

குழியை 60 சென்டிமீட்டர் வெட்டுங்கள். அடியில் கல், வேர்முனை பொறுக்கிவிட்டு ஐந்து சென்டிமீட்டர் சலித்த மணல். மேலே 500 மைக்ரான் எச்டிபிஇ பிளாஸ்டிக் ஷீட். பண்ணைக்குட்டைக்கு விற்கிறார்களே, அதே. வெறும் தார்பாய் ஒரு வெயிலில் நொறுங்கிவிடும். ஷீட் அளவுக்குக் கணக்கு: நீளத்தோடு இருமடங்கு ஆழம், இருபுறமும் முப்பது சென்டிமீட்டர் ஓரம். 7-க்கு 6 மீட்டர் வாங்கினால் தாராளம். ஷீட்டின்மேல் எட்டு சென்டிமீட்டர் அங்கேயே வெட்டிய செம்மண். எரு, கம்போஸ்ட், தோட்ட மண் கலவை எதுவும் கூடாது. உரம் கரைந்தால் பாசி கொழித்து, விடியற்காலையில் ஆக்சிஜன் தீர்ந்து எல்லாம் மேலே வந்து வாயைத் திறக்கும். வழுவழுப்பான ஷீட் தெரிகிற இடம் எதுவும் இருக்கக் கூடாது. மண் சரியாமல் இருக்கக் கரையோரம் தென்னைநார்ப் பாயை விரித்துப் புதையுங்கள்.

இது பிடிப்பது ஏறக்குறைய 2,500 லிட்டர். மழைநீர்தான் முதல் தேர்வு, மாடித் தண்ணீர்க் குழாய் ஒன்றைத் திருப்பிவிடலாம். முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டுப் பிறகு. காவிரிக் குழாய்நீர் என்றால் குளோரின் இருக்கும். அகலமாகத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன்தொட்டிக் கடையில் சோடியம் தயோசல்ஃபேட் வாங்குங்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் குளோரின் என்றால் இவ்வளவு தண்ணீருக்கு 9 கிராம். நீச்சல்குளத்துக்குப் பயன்படுத்தும் சொட்டுமருந்து கிட்டில் மஞ்சள் வராவிட்டால் பயமில்லை. உங்கள் எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) தண்ணீரை மட்டும் ஒரு வாளி கூட விடாதீர்கள். தோட்டக்காரர் பழக்கத்தில் அந்தக் குழாயைத்தான் திருப்புவார். அதில் அம்மோனியாவும் சோப்புப் பொருளும் மிச்சம் இருக்கும், செவுளை எரித்துவிடும். அந்தக் குழாய்க்கு வளாகத்தில் எங்கெங்கே வாய் இருக்கிறது என்று பார்த்து, குட்டைப்பக்கம் உள்ளதை அடைத்துவிடுங்கள்.

செடி அதிகம் வேண்டாம். கரையில் கோரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தண்ணீரில் ஆரைக்கீரை. ஆகாயத்தாமரை எக்காரணம் கொண்டும் கூடாது. ஒரு கிளை தண்ணீருக்கு மேலே ஓரடி இரண்டடி உயரத்தில் சாய்ந்திருக்கும்படி நட்டால் மரத்தவளை அதில் நுரைக்கூடு கட்டும். வண்ணமீன், ஆமை, வாத்து, ஃபவுண்டன், நீல விளக்கு எதுவும் இல்லாமல் அசோசியேஷன் ஒத்துக்கொள்ள வேண்டும். மீன் இருக்கும் குட்டையில் முட்டை மிஞ்சாது.

அதனாலேயே வருடத்தில் இரண்டு மாதம் குட்டை வற்ற வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் விடாதீர்கள், காய்ந்து வெடிக்கட்டும். யாராவது ஒளித்துப் போட்ட மீனும், தலைப்பிரட்டை தின்னும் தும்பிப்புழுவும் அதில் தீரும். ‘குட்டை செத்துவிட்டது’ என்று யாராவது பரிதாபப்பட்டுக் குழாயைத் திறப்பார்கள், அந்த இடத்தில் ஒரு பலகை வையுங்கள். ஜூன், ஜூலையில் மாறாக, முட்டை விழுந்தபின் எட்டு வாரம் வற்றவிடக் கூடாது. மழை இல்லாவிட்டால் இங்கே நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் போல் ஆவியாகும், மாதம் பதினைந்து சென்டிமீட்டர். ஆழம் இருபதுக்குக் கீழே வந்தால் குளோரின் போன தண்ணீரை மெதுவாக விடுங்கள்.

தண்ணீர் ஏழெட்டு வாரக் கதைதான். மீதி நாளெல்லாம் இந்தத் தவளைகள் மண்ணுக்குள். குட்டையை அழகாகக் கட்டிவிட்டுச் சுற்றிலும் பேவர் பிளாக் போட்டால் வேலை வீண். மீதி மண்தரையை இறுக்காமல், ரோலர் ஓட்டாமல், சருகோடு விடுங்கள். கறையான் மருந்து அந்த மூலையில் அடிக்கவே கூடாது. நுணலின் சாப்பாடே கறையானும் எறும்பும்தான், மருந்து மண்ணில் அது கிடக்க வேறு செய்கிறது. களைக்கொல்லியும் அப்படியே. கிளைஃபோசேட்டோடு சேர்க்கும் சோப்புப் பொருள் தலைப்பிரட்டைக்கு மருந்தைவிடக் கொடியது. கையால் களை எடுத்தால் போதும்.

இந்த வருடக் குஞ்சுகளை மாற்ற வேண்டி வந்தால் மட்டும்: குட்டையை இந்த வாரமே வெட்டி நிரப்புங்கள். பழைய குட்டையிலிருந்து ஐந்து வாளித் தண்ணீரும் இரண்டு கை சேறும் போட்டு, பத்துப் பன்னிரண்டு நாள் ஊறவிடுங்கள். பாசி பிடிக்காத புதுக்குட்டையில் தின்ன எதுவும் இருக்காது. சைட்காரர் தேதி தராவிட்டால் ஜூலை முதல் மூன்று நாளில், காலை ஆறிலிருந்து எட்டுக்குள், கையால் தொடாமல் கப்பால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். ரப்பர் கையுறை சில தலைப்பிரட்டைகளைக் கொல்லும். முன்கால் வந்தவற்றை மாற்றாதீர்கள், அவை இருக்கும் இடத்திலேயே கரையேறட்டும். கடிக்கும் பழுப்பு வகையைத் தனி வாளியில். வாளியைப் புதுக்குட்டையில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத்தண்ணீர் கலந்து சூடு சமமானபின் சாய்த்துவிடுங்கள். மொத்தத்தில் லிட்டருக்கு ஒன்றுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நெருக்கத்தில் வளர்ந்தால் கொசு அளவில் கரையேறி முதல் வெயிலிலேயே காய்ந்துபோகும். மதிலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்பதால்தான் இது தகும். அடுத்த தெருவுக்குக் கூட இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

சர்ஜாபுராவாசி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கூர்க் யோசனை நேற்றுக் கூட்டத்தில் விழுந்தது. குட்டைக்கு இடம் தரவும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் டெங்கு பயம் போகவில்லை. கம்பூசியா போட்டால்தான் கையெழுத்து என்கிறார் ஒருவர். மீன்தொட்டியில் வளர்க்கும் யோசனையும் இன்னும் உயிரோடு இருக்கிறது. குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

கெரேயோரம்:

டெங்கு கொசு இந்தக் குட்டையில் பிறப்பதில்லை. ஏடிஸ் முட்டையிடுவது சிறு பாத்திரங்களில்: பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடியில்லாத டிரம், ஏசி தண்ணீர் சொட்டும் பக்கெட், மாடியில் கிடக்கும் பெயிண்ட் டப்பா, லிஃப்ட் குழி. முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். வாரத்துக்கு ஒருநாள் வளாகம் முழுக்கக் கவிழ்த்துத் தேய்த்தால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். தேய்க்க வேண்டும், ஏனென்றால் முட்டை பாத்திரச் சுவரில் காய்ந்து மாதக்கணக்கில் கிடக்கும். கியூலெக்ஸ் வகைக் கொசு வளர்வது சாக்கடைத் தண்ணீரில், ராஜகாலுவே எனும் பெருவடிகாலில். நகரத்து மலேரியாக் கொசு மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும். தவளைக்குட்டையில் தும்பிப்புழுவும் முதுகுநீச்சல் பூச்சியும் இருக்கும்வரை கொசுப்புழு நிலைப்பது கடினம்.

சொன்னால் நம்ப மாட்டார்கள், அளந்து காட்டுங்கள். 350 மில்லி பிடிக்கும் வெள்ளைக் கரண்டியால், கரையோரம் பத்து இடத்தில் மொண்டு, கொசுப்புழுவை எண்ணிப் பலகையில் எழுதுங்கள். அதே நாளில் பூந்தொட்டித் தட்டுகளையும் எண்ணுங்கள். புழு கூடினால் பிடிஐ எனும் பாக்டீரியா மருந்தைப் பொட்டலத்தில் எழுதிய அளவுக்கு வாரம் ஒருமுறை தெளிக்கலாம். அது கொசு வகைப் புழுவின் குடலைத்தான் தாக்கும். டெமிஃபாஸ், டெல்டாமெத்ரின் வேண்டாம், புகையடிக்கும் வண்டி அந்த மூலைக்கு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பூசியா முட்டையையும் தலைப்பிரட்டை வாலையும் தின்னும். போட்டபின் எடுக்கவும் முடியாது. பெருமழையில் வழிந்து ராஜகாலுவே வழியாக ஏரிக்குப் போய்விடும். கப்பி மீனும் இதற்கு மாற்று அல்ல.

மீன்தொட்டி பற்றி: வேறு வழியே இல்லாத இனத்துக்குத்தான் கூட்டில் வளர்ப்பது. டான்சானியாவில் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டும் வாழ்ந்த குட்டித் தேரையைப் பாருங்கள். அணைக்காகத் தண்ணீர் திருப்பப்பட்டபோது, 2000-இல் 499 தேரைகளை அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். நிபுணர்கள் கையிலேயே அந்தக் கூட்டம் நூறுக்கும் கீழே விழுந்து பிறகுதான் பெருகியது. 2009-இல் இயற்கையில் அழிந்ததாக அறிவித்தார்கள், 2012-இல் திருப்பி விட்டார்கள். அதற்காக அருவிப்பக்கம் செயற்கைச் சாரல் குழாய்கள் இன்றும் ஓட வேண்டியிருக்கிறது. குஞ்சு வளர்வதற்கு இடம் இருக்கும்போதே அந்த இடத்தைக் காப்பது எவ்வளவு மலிவு என்று குழந்தைகளுக்கு இதைச் சொல்லுங்கள். ஆசைக்கு, எண்ணும் வேலையை அவர்களிடம் கொடுங்கள். வெள்ளைத் தட்டில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அதே இடத்தில் விடலாம்.

2023-இல் வெளியான உலக மதிப்பீட்டில் 8,011 நீர்நில வாழ்விகளில் ஏறக்குறைய 41 சதவீதம் அழியும் அபாயத்தில் இருப்பதாகக் கண்டார்கள். உங்கள் குட்டையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை இன்று அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலுக்குத் தள்ளும் காரணங்களில் முதலிடம் வாழிட அழிவுக்குத்தான். அது உங்கள் பின்மதிலில்தான் நடக்கிறது.

ஈரமண்:

கடைசியாக இரண்டு விஷயம், இவை விட்டுப்போகும்.

ஒன்று, அனுமதி. காளைத்தவளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. தவளைக்கால் ஏற்றுமதிக்காகப் பிடித்துத் தீர்த்ததால் 1987-இல் இந்தியா அந்த ஏற்றுமதியையே தடை செய்தது. மதிலுக்கு இப்பக்கம் மாற்றுவதானாலும், மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள வனத்துறைக்கு அசோசியேஷன் பெயரில் கடிதம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். கடிதத்தோடு சைட் வரைபடம், எண்ணிக்கைத் தாள், படங்கள்.

இரண்டு, பெரிய தவளைகள். குஞ்சுகளை மட்டுமே எல்லாரும் பேசுகிறோம், தாய்த்தவளைகள் அந்தச் சைட் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. மண் கொட்டும்போது தெருப்பக்கத்திலிருந்து தொடங்கி உங்கள் மதிலை நோக்கி வரச் சொல்லுங்கள், ஒரே நாளில் மூடாமல் மூன்று நாலு நாளில். மதிலின் அடியில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, தரைமட்டத்தில் பத்து சென்டிமீட்டர் சதுர ஓட்டை விடுங்கள். தண்ணீர்ப்பாம்பும் அதில் வரும், நஞ்சில்லாதது, முன்கூட்டியே காவலாளிகளிடம் சொல்லி வையுங்கள்.

வந்தவை வளாகத்துக்குள் சாகும் இடம் மழைநீர் வடிகால் சேம்பர். கிராதி வழியே விழுந்தால் ஏற முடியாது. ஒவ்வொரு சேம்பரிலும் முப்பது சென்டிமீட்டர் அகலத் தென்னைநார்ப் பட்டை ஒன்றை மேல்விளிம்பில் ஆணியடித்து அடிவரை தொங்கவிடுங்கள், அடி முனையில் ஒரு செங்கல் கட்டி. உள்சாலை ஓரக்கல் பதினைந்து சென்டிமீட்டர் இருக்கும், விரல்நகம் அளவுக் குஞ்சுக்கு அது மதில். குட்டையிலிருந்து மண்தரைக்குப் போகும் பக்கம் ஓரக்கல்லே இல்லாமல் விடுங்கள், மற்ற இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஒரு சிமெண்ட் சரிவு. ஜூலை முதல் பாதியில், மழை விட்ட இரவுகளில் அந்தப் பாதையில் காரை ஓட்ட வேண்டாம் என்று வாட்ஸ்அப் குழுவில் அன்றன்றைக்குச் சொல்ல ஒருவரை நியமியுங்கள்.